தென்துருவக் கடலை ஆய்ந்த ஸ்டான்லி கெம்ப்

மலை சூழ்ந்த கண்டி மாநகரில் வாழும் நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் கருவாட்டுக் கடையின் மணமாகவே வந்து சேருகின்றது. சந்தையிலே சாக்குகளிற் குவித்து வைத்திருக்கும் கூனியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாற் கடலிற் பிறந்த உயிர் எத்துணைச் சிறியதாகவும் இருக்கலாம் என்பது விளங்கும். அது எத்துணைப் பெரியதாகவும் இருக்கலாம் என்பதை நாம் ஏட்டிலேதான் படிக்கின்றோம்.

சில மாதங்களுக்கு முன் வகுப்பிலே சொற்பிறப்புப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என நூலோர் அடுக்கிச் சொல்வதை எடுத்துரைத்தேன். உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து, உலகிற் பெரியதான நீலத் திமிங்கிலம் பெருமீன் எதனையும் விழுங்குவதில்லை என்றும், நம் கூனியைப் போன்றதொரு சிற்றுயிரையே தின்று வாழ்கின்றது என்றும் பணிவோடு கூறினான். அவன் கூறியது உண்மை. அதனை யார், எவ்வாறு கண்டறிந்தார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. வகுப்பு மணியும் அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

அவ்விடையின் நடுவே நிற்பவர் ஸ்டான்லி வெல்ஸ் கெம்ப் என்னும் ஆங்கிலேயர். விலங்கியல் கற்றோரிடையே புகழ் பெற்ற இவருடைய பெயர் தமிழ் வாசகரிடையே அத்துணை வழங்குவதில்லை. இவர் தம் வாழ்நாளில் ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகளை இந்தியாவிலே கழித்தவர் என்பதை நினைக்கும்போது இவ்வறியாமை சற்று வருத்தந் தருவதே.

கெம்ப் 1882ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் இசைப் பேராசிரியர். மைந்தரோ செவிக்கு எட்டாத உலகமொன்றை நாடினார். டப்ளின் நகரத்துத் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று 1903இல் பட்டம் பெற்றதும், அயர்லாந்து அரசின் மீன்பிடிப் பகுதியில் உதவி இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். மீன்வளம் பேணுவதற்கென்றே அமைந்த கப்பலில் அயர்லாந்தின் மேற்குக் கடலிலே வலை இழுத்து, ஆழத்து இறால்களையும் நண்டுகளையும் எடுத்து ஆராய்வது அவருடைய தொழில். ஏழாண்டு இவ்வாறு கழிந்தது. பிற்காலத்திற்கு வேண்டிய இரண்டு பயிற்சிகள் அங்கே அவருக்குக் கிடைத்தன. ஒன்று, குளிர்க்கடலிலே கப்பலின் தளத்தில் நின்று வேலை செய்யும் பழக்கம். மற்றொன்று, மீன்பிடிகாரரின் தொழிலுக்கு உதவும் அறிவும் இயற்கையை அறியும் அறிவும் வேறு வேறல்ல என்னும் தெளிவு.

பின்னர் அவர் கல்கத்தாவுக்கு வந்து இந்திய நூதனசாலையில் நெல்சன் அனண்டேல் என்னும் அறிஞரின்கீழ்ப் பணியேற்றார். அனண்டேலின் முயற்சியால் 1916ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் இந்திய விலங்கியல் அளவைத்துறை நிறுவப்பட்டபோது கெம்ப் அதன் மேற்பார்வையாளருள் ஒருவரானார். ஒறிசாவின் சில்கா ஏரியில் இருவருஞ் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி பெயர் பெற்றது. ஏரியின் இறாலினங்களைக் கெம்ப் தாமே எழுதினார். அன்றைய அசாமைச் சேர்ந்திருந்த காரோ மலையிலுள்ள சீயு குகையின் இருளிலே வாழும் உயிர்களைச் சோப்ரா என்னும் இந்திய அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்தார். பைனி பிரசாத், சுந்தர்லால் ஹோரா முதலிய இந்தியர் அக்காலத்திலேதான் அவ்வலுவலகத்தில் வளர்ந்து வந்தனர். அவ்விருவரும் பிற்காலத்தில் அத்துறைக்கே தலைவராயினர்.

இந்தியாவில் அவர் கண்டெடுத்தவற்றுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். 1911ஆம் ஆண்டில் வில்லியம்சன் என்னும் ஆங்கில அதிகாரி வடகிழக்கு மலையிலே அபோர் மக்களாற் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க அரசு ஒரு படையை அனுப்பியது. அந்தப் படையோடு விலங்கியலாளராகச் சென்றவர் கெம்ப். சியாங் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே கற்களைப் புரட்டியபோது, புழுவுமல்லாமற் பூச்சியுமல்லாமல், இரண்டிற்கும் இடைப்பட்டது போலத் தோன்றும் பழமையான உயிர் ஒன்றைக் கண்டார். கண்ணில்லாத அதற்கு வில்லியம்சனின் பெயரையே இட்டு 1913இல் விவரித்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதனை எவரும் மீண்டுங் காணவில்லை. அண்மையிலேதான் இந்திய ஆய்வாளர் சிலர் அதே பள்ளத்தாக்கில் அதனைக் கண்டெடுத்தனர். மலையூர்களைத் தண்டிக்கப் புறப்பட்ட துப்பாக்கிகளின் பின்னே நடந்து சென்று ஓர் அரிய உயிரைக் கண்டது பெருமைக்குரியதா என்று கேட்பவர் கேட்கலாம். கெம்பின் வாழ்க்கை முழுவதிலும் இக்கேள்வி வேறு வேறு உருவில் வந்து நிற்கின்றது. நான் அதனை மறைத்து எழுத விரும்பவில்லை.

இனித் தென்கடலுக்கு வருவோம். அத்திலாந்திக் சமுத்திரத்தின் தென்கோடியில், பனிமலைகள் நிறைந்த தென் ஜோர்ஜியா என்றொரு தீவு உண்டு. 1904ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுக் கார்ல் அன்ரன் லார்சன் என்பவர் அங்கே கிரிட்விகன் என்னுமிடத்தில் திமிங்கில வேட்டை நிலையம் ஒன்றை அமைத்தார். நீராவிப் படகும், குண்டு பொருத்திய ஈட்டியை எறியும் பீரங்கியும் சேர்ந்தபோது, பழங்கால வேட்டைக்காரர் எட்டமுடியாத வேகமுடைய நீலத் திமிங்கிலமும் தப்பமுடியாமற் போயிற்று. திமிங்கில எண்ணெயை இறுகச் செய்யும் இரசாயன முறை அக்காலத்திற் கைவந்தது. ஆகவே அவ்வெண்ணெய் மாஜரீனாகி ஐரோப்பியரின் பாணிலே தடவப்பட்டது, சவர்க்காரமாகியது, முதல் உலகப் போரில் அதிலிருந்து பெற்ற கிளிசரீன் வெடிமருந்துமாகியது. கூனல் திமிங்கிலம் கரையை அடுத்து மெதுவாக நீந்துவது. முதலில் அழிந்தது அதுவே. ஒரு பருவத்தில் ஆறாயிரம் வரை கொல்லப்பட்ட அவ்வினம் சில ஆண்டுகளுக்குள்ளே அத்தீவைச் சுற்றிக் காண்பதற்கும் அரிதாகியது.

அத்தீவுகளை ஆண்ட பிரித்தானிய அரசு இதனைக் கவனியாமல் இருக்கவில்லை. உத்தரவுச் சீட்டு இல்லாமல் வேட்டையாடக் கூடாது என்றும், கன்றோடு செல்லும் தாயைக் கொல்லக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் எத்தனை கொல்லலாம் என்னும் கேள்விக்கு விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. கடலில் எத்தனை உள்ளன, எத்தனை ஆண்டில் ஈனும், எங்கே செல்லும், எதனைத் தின்னும் என்பன தெரியாமல் எவ்வாறு சொல்வது? 1920இல் ஒரு விசாரணைக் குழு ஒரு வழி கூறியது. வேட்டைக்காரர் காய்ச்சி எடுக்கும் எண்ணெயின்மீது வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டே திமிங்கிலத்தை ஆராய வேண்டும் என்பதே அது. கொல்பவன் கொடுக்கும் காசிலே காப்பதற்கு வேண்டிய அறிவைத் தேடுவது! இதனைக் கேட்டுச் சிரிப்பதா, சிந்திப்பதா என்று தெரியவில்லை. எனினும் மீன்வளம் பேணுவதற்கு உலகில் நடந்த முயற்சிகளுள் இதைப்போல் நேர்மையானவை மிகச் சிலவே. கடலிலிருந்து எடுத்த செல்வத்தின் ஒரு பங்கு அக்கடலை அறிவதற்கே திரும்பியது அன்றோ?

இம்முயற்சிக்குத் தலைவராக 1924இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கெம்ப். அனண்டேல் அவ்வாண்டில் இறந்திருந்தார். கல்கத்தாவிலே கெம்பிற்கு உயர்பதவி காத்திருந்தது. அதனை விட்டு அவர் பனிக்கடலுக்குப் புறப்பட்டார். இறாலை ஆராய்ந்தவரைத் திமிங்கிலத்திற்கு அனுப்பியது பொருந்துமோ என்று அன்று சிலர் ஐயுற்றிருந்தாலும் வியப்பில்லை. அவர்களுக்கு விடை திமிங்கிலத்தின் வயிற்றிலேயே இருந்தது.

கொடுக்கப்பட்ட கப்பல் டிஸ்கவரி. 1901 முதல் 1904 வரை கப்ரன் ஸ்கொட் தென்துருவப் பயணத்திற் கொண்டு சென்ற அதே மரக்கப்பல். பனியிற் சிக்கினாலும் நொறுங்காத உறுதி அதற்கு உண்டு, ஆனால் வேகமில்லை, திறந்த கடலில் அது உருண்டு புரளுவதைக் கண்டு மாலுமிகளே அஞ்சினர். 1925ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தை விட்ட கப்பல் 1926 பெப்ரவரியில் தென் ஜோர்ஜியாவை அடைந்தது. அங்கே கரையில் முன்னரே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டிருந்தது. மக்கின்ரொஷ், வீலர் முதலிய இளைஞர் அந்நிலையத்திலிருந்து நாடோறும் வேட்டைத் தளத்திற்குச் சென்று, கரைக்கு இழுக்கப்பட்ட ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அளந்தனர். கொழுப்பின் தடிப்பை அளந்தனர். சூலகத்தை எடுத்துப் பார்த்தனர். இரைப்பையைக் கிழித்துப் பார்த்தனர். இரத்தமும் நெய்யும் வழுக்கும் பலகைத் தளத்தில், மூக்கைப் பொத்தவும் கையில்லாமல் அவர்கள் செய்த வேலையை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட திமிங்கிலங்களை இவ்வாறு ஆராய்ந்தனர். இரைப்பைகளில் இருந்தது ஏறக்குறைய எல்லாம் ஒன்றே. கிறில் என்று நோர்வேயர் வழங்கும் செந்நிறச் சிற்றுயிர். விரல் நீளத்திற்கும் மிகாதது. நம் இறாலுக்கும் கூனிக்கும் தூரத்து உறவு. நூறு தொன்னுக்கு மேற்பட்ட உடலை அதுவே வளர்க்கின்றது.

அப்படியாயின் திமிங்கிலத்தை அறிய வேண்டுமானாற் கிறிலை அறிய வேண்டும். கிறிலை அறிய வேண்டுமானால் அது தின்னும் நுண்பாசியை அறிய வேண்டும். நுண்பாசியை அறிய வேண்டுமானால் அதனை வளர்க்கும் உப்புக்கள் எந்த ஆழத்திலிருந்து எந்த நீரோட்டத்தால் மேலே வருகின்றன என்பதை அறிய வேண்டும். கெம்பின் பெருமை இச்சங்கிலியை முதலிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டமையே. வேட்டைத் தளத்தோடு நிற்காமற் கடல் முழுவதையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். கப்பலைக் குறித்த இடங்களில் நிறுத்தி, மேற்பரப்பிலிருந்து அடி வரை பல ஆழங்களில் நீரை முகந்து, அதன் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, வெவ்வேறு கண்ணளவுள்ள வலைகளை இறக்கி, அகப்பட்டதை எண்ணினர். கயிறு உறைந்து கம்பிபோல் விறைக்கும். முகந்த நீர் போத்தலுக்கு மாற்றுமுன் உறையப் பார்க்கும். இவ்வாறு நிற்பதும் இறக்குவதும் ஏற்றுவதுமாகச் சென்ற மாதங்களைப் பற்றி அவரோடு சென்ற அலிஸ்ரர் ஹார்டி பல்லாண்டு கழித்து எழுதிய நூலில், கெம்பைப்பற்றி வரும் இடமெல்லாம் அன்பும் மதிப்பும் ததும்புகின்றன.

பழைய கப்பல் இவ்வேலைக்குப் போதாது என்பது முதற் பயணத்திலேயே தெரிந்தது. கெம்பின் வற்புறுத்தலால் உருக்கினாற் புதிய கப்பலொன்று கட்டப்பட்டு, இரண்டாம் டிஸ்கவரி எனப் பெயர் பெற்று, 1929இல் புறப்பட்டது. அதன் முதற் பயணத்தையும் அவரே நடத்தினார். எரிமலைகள் புகையும் தென் சன்ட்விச் தீவுகளைச் செவ்வையாக அளந்து படம் வரைந்தது அப்பயணத்திலேதான். 1931இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றது. அந்தாட்டிக்காவின் படத்திலே கெம்ப் நிலம் என்றொரு பகுதியைக் காணும் மாணவர், அது இவர் பெயரால் வந்தது என்று எண்ணி மயங்க வேண்டா. அது 1833இல் அவ்வழி சென்ற நீர்நாய் வேட்டைத் தலைவர் ஒருவரின் பெயர். நம்மவர் பெயரைத் தாங்குவது வேறோரிடத்திலுள்ள கெம்ப் தீபகற்பம்.

திமிங்கிலங்கள் எங்கிருந்து எங்கே செல்கின்றன என்பதை அறிய ஒரு வழி வகுத்தனர். எண் பொறித்த குறிகளைத் துப்பாக்கியால் திமிங்கிலத்தின் உடலிற் செலுத்திவிடுவது. பின்பு அது கொல்லப்படும்போது குறியைக் கண்டெடுத்து அனுப்புவோருக்கு ஒரு பவுண் பரிசு. முதலிற் செய்த குறிகள் ஆணிபோற் கொழுப்பின் மேற்பகுதியில் மாத்திரம் தைத்தன, புண்ணாகி விழுந்துவிட்டன. குற்றத்தை உணர்ந்து, முழுவதும் உள்ளே புதையும் உலோகக் குழாயாகச் செய்தபின் முயற்சி பலித்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்குமுன் ஏறக்குறைய ஐயாயிரம் திமிங்கிலங்களிற் குறி ஏற்றப்பட்டது. இங்கும் பாருங்கள்: குறியிட்ட திமிங்கிலத்தின் கதை அது கொலையுண்டபோதுதான் தெரியவரும்.

இத்தனைக்கும் இடையே மற்றொரு பக்கத்தில் நடந்ததைச் சொல்லாமல் விடலாகாது. 1925இல், டிஸ்கவரி புறப்பட்ட அதே ஆண்டில், லான்சிங் என்னும் நோர்வேக் கப்பல் ஒன்று, பின்புறத்தில் சரிவான வாயில் அமைத்துக்கொண்டு தென்கடலுக்குச் சென்றது. அவ்வாயில் வழியே திமிங்கிலத்தை முழுவதாக மேலே இழுத்துத் தளத்திலேயே அறுத்துக் காய்ச்சலாம். அதனால் கரை வேண்டியதில்லை, கரை வேண்டாதவனுக்கு உத்தரவுச் சீட்டும் வேண்டியதில்லை, வரியும் இல்லை. நூலோர் சொன்ன திமிங்கிலகிலம் இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1930-31ஆம் ஆண்டுப் பருவத்தில் இத்தகைய ஆலைக் கப்பல்கள் நாற்பத்தொன்று தென்கடலில் நின்றன. அவ்வொரு பருவத்தில் மாத்திரம் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் மாண்டன. அதே பருவத்திலே அதே கடலில் கெம்ப் தம் புதிய கப்பலில் நின்று நீரின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் மிகுந்து விலை விழுந்ததனால் அடுத்த ஆண்டு பல கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றன. அறிவு தடுக்காததைச் சந்தை சிறிது காலம் தடுத்தது.

அறிவிலும் பிழை இருந்தது. சூலகங்களை ஆராய்ந்த இளைஞர், நீலத் திமிங்கிலம் இரண்டு ஆண்டிலே பருவமெய்தும் என்று அன்று முடிவு செய்தனர். உண்மையில் அதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு, சிலவேளை அதற்கு மேலும் செல்லும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விரைவில் ஈனும் பிராணி என்று நம்பினால் மிகுதியாகக் கொல்லலாம் என்றல்லவா கணக்கு வரும்? வேண்டுமென்று செய்த பிழையன்று; கையிலிருந்த சான்று அவ்வளவே. ஆனால் இயற்கையைப் பற்றிய கணக்கிலே நம்பிக்கையின் பக்கம் சாய்ந்த பிழைக்குக் கணக்கிட்டவன் விலை கொடுப்பதில்லை, எண்ணப்பட்டதே கொடுக்கின்றது.

1936இல் கெம்ப் அப்பதவியை மக்கின்ரொஷிடம் ஒப்படைத்துவிட்டு, பிளிமத் நகரிலுள்ள கடலுயிரியல் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். போர் வந்தது. 1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் பிளிமத்தின்மேற் குண்டு பொழிந்தபோது ஆய்வுக்கூடம் சேதமுற்றது. தலைவரின் இல்லம் எரிந்தது. இறால்கள் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களும் குறிப்புக்களும் அதனோடு போயின. ஏடுகளைச் செல்லுக்கும் நெருப்புக்கும் பறிகொடுத்த மரபில் வந்த நமக்கு இந்த இழப்பின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் ஆய்வுக்கூடத்தைச் செப்பனிட்டு நடத்துவதிலே முனைந்தார். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே 8ஆம் நாள். எட்டாம் நாள், மே 16ஆம் தேதி, கெம்ப் காலமானார். வயது அறுபத்திரண்டு.

அடுத்த ஆண்டிலே வாஷிங்டனில் கூடிய நாடுகள் திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை செய்து, ஓர் ஆணைக்குழுவையும் அமைத்தன. ஆனால் அக்குழு எல்லா இனங்களையும் ஒரே அளவையால் அளந்தது. ஒரு நீலத் திமிங்கிலத்திற்கு இரண்டு துடுப்புத் திமிங்கிலம், இரண்டரை கூனல் திமிங்கிலம் ஈடு என்பது அக்கணக்கு. பருவத்திற்குப் பதினாறாயிரம் அளவைகள் என்றால், வேட்டைக்காரன் எண்ணெய் மிகுந்த நீலத்தையே முதலில் தேடுவான். இனம் அருகியபின்னும் கண்டால் விடமாட்டான். ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் தென்துருவ நீலத் திமிங்கிலம், 1966இல் முழுப் பாதுகாப்புப் பெற்றபோது நூற்றுக் கணக்கில் எண்ணும் நிலைக்கு இறங்கியிருந்தது. அதன் பின்னும் சிலர் களவாகக் கொன்றனர்.

கெம்பின் உழைப்பு வீணாயிற்று என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. 1980இல் கன்பராவிற் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்த தென்துருவக் கடலுயிர் உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். இந்தியாவும் அதில் அங்கம் வகிக்கின்றது. கிறிலைப் பிடிப்பதற்கு எல்லை வகுக்கும்போது மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதோடு, திமிங்கிலத்துக்கும் பென்குயினுக்கும் நீர்நாய்க்கும் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும் என்று அது விதிக்கின்றது. அத்திலாந்திக் பகுதியில் 6,20,000 தொன் என்பது அதன்படி வகுத்த எல்லை. இரைப்பையிலிருந்து கிறிலுக்கும் கிறிலிலிருந்து கடல்நீருக்கும் கெம்ப் பிடித்துச் சென்ற அச்சங்கிலியே அவ்விதியிற் கிடக்கின்றது. அவர் கடலை அளந்து வைத்திராவிட்டால் எந்தக் கணக்கைக் கொண்டு எல்லை போடுவது?

என் மாணவனுக்கு இவ்வளவையும் சொன்னபோது, நமக்கும் அந்தப் பனிக்கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டான். அவனைப் பேராதனைப் பாலத்திற்கு அழைத்துச் சென்றேன். கீழே ஓடும் மகாவலி கண்டியை வளைத்துக்கொண்டு கிழக்கே இறங்கித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் விழுகின்றது. குடாவை அடுத்துக் கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அண்மையிலே வருகின்றது. அங்கே நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும். தென்துருவத்து இனத்திற்குச் சற்றுச் சிறிய உறவு இவை. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களுக்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1982 முதல் 1984 வரை ரியூலிப் என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக் கடலிலே அவற்றைத் தேடிச் சென்று, உடலிலும் வாலிலும் உள்ள அடையாளங்களைப் படம்பிடித்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்தனர். குறி எய்ய வேண்டியிருக்கவில்லை. குறியை எடுக்க அறுக்க வேண்டியும் இருக்கவில்லை. மாணவன் நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். விடுமுறைக்குத் திருகோணமலையிலுள்ள மாமன் வீட்டுக்குப் போவதாகவும், மீன்பிடிகாரரிடம் கேட்டு வருவதாகவும் சொன்னான்.